பெருவிரல் இடுக்கில் ஒரு நாணயம்

வெறுங்கை. விரல்கள் விரிந்திருக்கின்றன, உள்ளங்கை உங்களைப் பார்த்தபடி இருக்கிறது. காற்றில் எதையோ எட்டிப் பிடிப்பதுபோல் அந்தக் கை லேசாக அசைகிறது. அடுத்த கணம் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒரு வெள்ளிக்காசு மின்னுகிறது. ஒரு விநாடிகூட ஆகவில்லை.

காசு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே கையில், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடுக்கில், அது முதலிலிருந்தே இருந்தது. தரைக்கு இணையாகப் படுத்திருந்ததால் அதன் விளிம்பு மட்டுமே உங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அந்த விளிம்பையும் பெருவிரல் மறைத்துக்கொண்டது. இரண்டு விரல்கள் உள்ளே மடங்கி, காசைக் கவ்வி, மீண்டும் நிமிர்ந்தன. அவ்வளவுதான்.

இந்த ஒரு அசைவைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. லண்டனில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் கணினி ஆலோசகனுக்கு நீண்ட கூட்ட அழைப்புகளுக்குப் பஞ்சமில்லை. கேமராவை அணைத்துவிட்டு, மேசைக்கு அடியில் ஒரு காசை வைத்துப் பழகிக்கொண்டே இருந்தேன். காசு கீழே விழுந்து மரத்தரையில் உருளும் சத்தம் கேட்டு, 'அங்கே என்ன சத்தம்?' என்று மறுமுனையில் கேட்டவர்களும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், லண்டனில் என் அத்தை வீட்டில் ஒரு பூஜை நடந்தது. ஊரிலிருந்து வந்திருந்த ஒரு சாமியாரை யாரோ அழைத்து வந்திருந்தார்கள். மாமாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த நேரம். சாமியார் வெறுங்கையைச் சுழற்றினார், விபூதி கொட்டியது. வீடே கைகூப்பியது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, பெருவிரலைப் பார்த்தேன். அது கையோடு கொஞ்சம் அதிகமாக ஒட்டியிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒட்டல் அது. அத்தை ஒரு உறையை அவர் காலடியில் வைத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டபோதுதான் இந்தச் சின்ன வித்தையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். என்னுடைய கேள்வியை 1584லேயே ஒருவர் கேட்டிருந்தார்.

*

முதலில் சொற்கள். நம்முடைய 'செப்பிடுவித்தை' ஒரு குறிப்பிட்ட வித்தையின் பெயர். செப்பு என்றால் சிறு கிண்ணம், சிமிழ். செப்புகளைக் கவிழ்த்து, அவற்றின் அடியில் பந்துகளைத் தோன்றவும் மறையவும் செய்வது. கேரளத்தில் இன்றும் அதற்குச் 'செப்பும் பந்தும்' என்றே பெயர். தமிழில் அந்த ஒரு வித்தையின் பெயர் எல்லா வித்தைகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. 'கண்கட்டு வித்தை' என்ற இன்னொரு சொல்லும் உண்டு. பார்ப்பவர் கண்ணைக் கட்டிவிட்டார்கள் என்பது அதன் பொருள். முதல் சொல் செய்பவரின் கையைப் பற்றியது, இரண்டாவது பார்ப்பவரின் கண்ணைப் பற்றியது. வித்தை நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்.

மூன்றாவது சொல் 'கைலாகவம்'. லாகவம் என்றால் இலேசான தன்மை. காமசூத்திரம் தரும் அறுபத்துநான்கு கலைகளின் பட்டியலில் 'ஹஸ்தலாகவம்' இடம்பெறுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதையே 'லெஜே த மேன்' என்றார்கள். இலேசான கை என்று பொருள். ஆங்கிலம் அதை அப்படியே வாங்கி 'லெஜர்டமெயின்' ஆக்கிக்கொண்டது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே உவமையைப் பிடித்திருக்கின்றன. கவனியுங்கள், இரண்டுமே வேகத்தைப் பேசவில்லை, பளுவின்மையைப் பேசுகின்றன. காசை ஒளித்துவைத்திருக்கும் கை, எதையுமே சுமக்காத கைபோல இருக்க வேண்டும். கலையின் சாரம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

*

1582ல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் வட்டாரத்தில், செயின்ட் ஓசித் என்ற ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பெண்கள் பலர் சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டப்பட்டார்கள். சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். பெரும்பாலும் ஏழைகள், பக்கத்து வீட்டோடு சண்டை போட்டவர்கள், பால் கேட்டுக் கிடைக்காமல் முணுமுணுத்துக்கொண்டு போனவர்கள். கென்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் என்ற நிலக்கிழார் இதைப் பார்த்துக் கொதித்துப்போனார். இரண்டு ஆண்டுகள் கழித்து 'த டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். கிழவிகளுக்கு அமானுஷ்ய சக்தி எதுவும் கிடையாது, மனிதர்கள் ஏமாறுகிறார்கள் அல்லது ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் அவருடைய வாதம்.

அதை நிறுவ அவர் எடுத்த வழி புதுமையானது. கண்ணுக்கு அதிசயமாகத் தெரிவது கையால் செய்யக்கூடியதுதான் என்று காட்டுவதற்காக, தெருவித்தைக்காரர்களின் நுட்பங்களைப் படிப்படியாக எழுதிவைத்தார். பந்து, சீட்டு, கத்தி, அவற்றோடு நாணயம். காசை ஒளிக்கத் தலையாய இடம் உள்ளங்கை என்கிறார். அதற்கு மிகப் பொருத்தமானது 'டெஸ்டர்' என்ற நடுத்தர அளவு வெள்ளிக்காசு என்கிறார். மிகச் சிறிய காசு என்றால் அதை விரல்களுக்கு நடுவே, நுனிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்கிறார். இன்று காசு வித்தை கற்றுத்தரும் எந்த ஆசிரியரும் இதை மறுக்க மாட்டார்.

இவற்றையெல்லாம் அவர் எங்கே தெரிந்துகொண்டார்? லண்டன் செயின்ட் மார்ட்டின் பகுதியில் வாழ்ந்த ஜான் கோத்தாரே என்ற பிரெஞ்சுக்காரரைக் கைவித்தையில் ஈடிணையற்றவர் என்று குறிப்பிடுகிறார். அந்த மனிதர் வித்தையால் அல்ல, உடலுழைப்பால் பிழைத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறி, கைத்தொழில் செய்து வாழ்ந்த ஒருவரின் கலை, இப்படி ஆங்கில நூல் ஒன்றில் ஏறியது.

என்னை நிறுத்திவைத்த இடம் இதன் பிறகு வருகிறது. இந்த ரகசியங்களை வெளிப்படுத்துவதற்காக ஸ்காட் வருந்துகிறார். இவற்றை நம்பிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடிக்கிறோமே என்ற உறுத்தல் அவருக்கு. பிறகு ஒரு கோடு கிழிக்கிறார். சிரித்து மகிழச் செய்யும் வித்தை, இது என் கைத்திறன்தான் என்று ஒப்புக்கொள்ளும் வித்தை, பொறுத்துக்கொள்ளத்தக்கது மட்டுமல்ல, பாராட்டத்தக்கதும்கூட. கடவுளின் பெயரைத் தவறாகப் பயன்படுத்தி, அவருடைய ஆற்றல் தன்னிடம் இருப்பதாக மக்களை நம்பவைத்தால் அது குற்றம். அசைவு ஒன்றுதான், காசும் ஒன்றுதான். வேறுபாடு, செய்பவர் அதை என்னவென்று சொல்கிறார் என்பதில் இருக்கிறது.

*

காசை ஒளிக்கும் முறைகளை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போதுதான் மீதி வரலாறு புரியும்.

மிகப் பழைய முறையில், பெருவிரலின் அடிச்சதைக்கும் சுண்டுவிரல் பக்கச் சதைக்கும் நடுவே காசு பிடிக்கப்படுகிறது. உள்ளங்கையை மிக இலேசாகச் சுருக்கினாலே போதும், காசு நின்றுவிடும். விரல்கள் ஐந்தும் விடுதலையாக இருக்கும். அதே கையால் ஒரு பென்சிலை எடுக்கலாம், சட்டைப் பொத்தானைப் போடலாம். இரண்டாவது முறை, நடுவிரலும் மோதிரவிரலும் தொடங்கும் இடத்தில் காசைப் படுக்கவைத்து, விரல்களை இயல்பாக மடக்குவது. சும்மா தொங்கும் எந்த மனிதக் கையும் சற்றே மடங்கித்தான் இருக்கும் என்பதால் யாருக்கும் ஐயம் வராது. மூன்றாவது, பெருவிரல் இடுக்கு. காசு திடீரென்று தோன்ற வேண்டுமானால் இதுதான் மிக உகந்த இடம். விரல்நுனிக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் இரண்டு விரல்கள் ஒருமுறை மடங்கி நிமிரும் அளவுதான்.

புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்வார்கள், நானும் செய்தேன். வேகமாகச் செய்தால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பார்கள். வேகம் கண்ணை இழுக்கும். உண்மையில் வேலை முழுவதும், யாரும் கவனிக்கத் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும். கணினி உலகில், கேட்ட மறுகணம் பக்கம் திறந்தால் பயனர் 'என்ன வேகம்' என்பார். விடை ஏற்கெனவே எடுத்து அருகில் வைக்கப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது. 'உடனடி' என்பது பெரும்பாலும் முன்கூட்டியே செய்த வேலைக்கு நாம் கொடுக்கும் பெயர்.

இன்னொன்று, பார்வை. வித்தைக்காரர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் மற்றவர்களும் பார்ப்பார்கள். காசு ஒளிந்திருக்கும் கையை அவர் ஒருமுறை பயத்தோடு பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

*

1810களில் லண்டனுக்கு 'இந்திய ஜக்ளர்கள்' வந்து இறங்கினார்கள். அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ராமோ சாமி. ராமசாமி என்ற தென்னிந்தியப் பெயர் ஆங்கில விளம்பரத் தாள்களில் அப்படி மாறிப்போனது. வாள் விழுங்கினார், செப்பும் பந்தும் செய்தார், வாய்க்குள்ளேயே மணிகளைக் கோத்துக் காட்டினார். அமெரிக்காவரை போய் ஆடிவந்தார். 1821ல் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 'இந்திய ஜக்ளர்கள்' என்று ஒரு கட்டுரையே எழுதினார். நான்கு பித்தளைப் பந்துகளைப் பிசகில்லாமல் காற்றில் சுழற்றும் அந்தக் கைகளைப் பார்த்ததும், தன் எழுத்தில் அவ்வளவு பிழையற்றது எதுவும் உண்டா என்று வெட்கப்பட்டார்.

வியப்பு சோறு போடவில்லை. ராமசாமி 1850ல் லண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்குப் பணம் வேண்டி அவருடைய மனைவி பத்திரிகையில் வேண்டுகோள் விடுக்க வேண்டியிருந்தது. நம் பெயரோடு இந்த நகரத்தில் வாழ்ந்த முதல் கலைஞர்களில் ஒருவர் அவர். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர்.

அவர் இறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1845 ஜூலையில், பாரிஸின் பலே ரொயால் பகுதியில் ஒரு சிறிய அரங்கு திறக்கப்பட்டது. உரிமையாளர் ழான் எய்ஜேன் ரொபேர் ஊதேன், ப்ளுவா நகரத்துக் கடிகாரக்காரரின் மகன். நட்சத்திரம் பதித்த நீள அங்கியைத் தூக்கிப்போட்டுவிட்டு, கனவான்களின் மாலைநேர உடையில் மேடையேறினார். அவர் கை பழகியது எங்கே? நடக்கும்போது சட்டைப்பைக்குள். ஒரு கை எப்போதும் பைக்குள் எதையாவது புரட்டிக்கொண்டே இருந்ததாக அவர் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். 1868ல் அவர் வெளியிட்ட நூல், காசை ஒளிப்பதை ஒரு கைத்தொழில் பாடம்போல முறையாக விளக்கியது. 1876ல் ஆஞ்சலோ லூயிஸ் என்ற லண்டன் வழக்கறிஞர் 'புரொஃபஸர் ஹாஃப்மன்' என்ற புனைபெயரில் எழுதிய 'மாடர்ன் மேஜிக்' அதே பாடத்தை ஆங்கிலத்தில் நடுத்தர வர்க்கத்தின் வீடுகளுக்குக் கொண்டுபோனது.

ஆனால் ரொபேர் ஊதேனின் கதையில் இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. 1856ல், ஓய்வுபெற்றிருந்த அவரைப் பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மராபூக்கள் என்ற சமயப் பெரியவர்களின் அற்புதங்களுக்கு மக்களிடம் செல்வாக்கு இருந்தது. அது ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியாக மாறலாம் என்று அஞ்சினார்கள். அதைவிடப் பெரிய அற்புதம் பிரான்சிடம் இருக்கிறது என்று காட்டுவதே திட்டம். அல்ஜியர்ஸ் அரங்கில் அவர் ஒரு சிறு பெட்டியை வைத்து, வலிமையான ஒரு மனிதரைத் தூக்கச் சொன்னார். மேடைக்கு அடியில் மின்காந்தம் இருந்தது. அவரால் அசைக்க முடியவில்லை. கூடவே மின்னதிர்ச்சியும் கொடுக்கப்பட்டது.

ஸ்காட் 'இது கைதான்' என்று சொல்லி உயிர்களைக் காக்கப் பார்த்தார். ரொபேர் ஊதேன் தான் செய்தது வித்தைதான் என்று பிறகு மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தெளிவுபடுத்தியதாக எழுதுகிறார். ஆனால் அவரை அனுப்பியவர்களுக்கு வேண்டியிருந்தது விளக்கமல்ல, அச்சம். ஒரு வித்தை பேரரசின் கருவியாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

*

அடுத்த காட்சி அமெரிக்காவின் ஐயோவா மாநிலம். 1867ல் பிறந்த தாமஸ் நெல்சன் டவுன்ஸ் மார்ஷல்டவுன் ரயில் நிலையத்தில் தந்தி அடிப்பவர். இரண்டு செய்திகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரம்தான் அவருடைய பள்ளிக்கூடம். ஆசிரியர் யாரும் கிடையாது. கையில் வெள்ளிக்காசுகள் இருந்தன, நேரம் இருந்தது. 1890களின் நடுவில் வேலையை விட்டுவிட்டு வாட்வில் என்ற பல்சுவை மேடைக்குப் போனார். 1899ல் லண்டன் பேலஸ் தியேட்டரில் பெரும் வெற்றி. 'காசுகளின் அரசன்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. மறு ஆண்டு அவர் பெயரில் 'மாடர்ன் காயின் மேனிப்புலேஷன்' என்ற நூல் வந்தது. நான் முதலில் சொன்ன பெருவிரல் இடுக்குப் பிடிக்கு வித்தைக்காரர்கள் இன்றும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவருடைய புகழ்பெற்ற ஆட்டம் 'கஞ்சனின் கனவு'. காற்றில் கை நீட்டுவார், ஒரு காசு வரும். அதைத் தொப்பிக்குள் போடுவார், 'டங்' என்று சத்தம். பார்வையாளரின் முழங்காலிலிருந்து, தாடியிலிருந்து, விளக்கொளியிலிருந்து காசு வந்துகொண்டே இருக்கும். இதன் அடிப்படை ஹாஃப்மன் நூலிலேயே 'பண மழை' என்ற பெயரில் அச்சாகியிருந்தது. வலக்கையில் தோன்றுவது பெரும்பாலும் அதே ஒரு காசுதான். போடுவதுபோல் பாவனை செய்து அதை மறுபடி ஒளித்துக்கொள்கிறது வலக்கை. தொப்பியைப் பிடித்திருக்கும் இடக்கையில் ஒரு அடுக்குக் காசு மறைந்திருக்கும். சரியான நொடியில் அதிலிருந்து ஒன்று நழுவி விழும். பார்வையாளர்கள் ஒரே காசை இருபது முறை பார்க்கிறார்கள், இருபது காசுகளின் சத்தத்தைக் கேட்கிறார்கள். கண்ணின் ஐயத்தைக் காது தீர்த்துவைக்கிறது.

அந்த ஆட்டம் ஏன் அந்த ஆண்டுகளில் அவ்வளவு கொண்டாடப்பட்டது? என் ஊகம் ஒன்று உண்டு. 1893ல் அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி. வங்கிகள் மூடின, வேலைகள் போயின. வெள்ளியை வரம்பின்றி நாணயமாக அச்சடிக்க வேண்டுமா என்பதுதான் 1896 அதிபர் தேர்தலின் மையக் கேள்வி. காசு எங்கிருந்து வருகிறது, யார் அதை வரவழைக்கிறார்கள் என்று நாடே சண்டையிட்ட காலத்தில், ஒரு மனிதர் மேடையில் நின்று காற்றிலிருந்து வெள்ளி பறித்துக்கொண்டிருந்தார்.

அதே 1893ல் நம் பக்கமும் ஒன்று நடந்தது. அதுவரை யார் வெள்ளி கொண்டுவந்தாலும் இந்திய நாணயச் சாலைகள் அதை ரூபாயாக அடித்துக்கொடுத்தன. அந்த ஆண்டு ஜூனில் அரசு அந்தக் கதவை மூடியது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தும், ரூபாயின் மதிப்பு மெல்ல ஏறி, ஒரு ஷில்லிங் 4 பென்ஸில் நிறுத்தப்பட்டது. கையிலிருந்த ரூபாய், அதில் இருந்த வெள்ளியைவிட அதிக மதிப்புப் பெற்றது. அந்தக் கூடுதல் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அரசாங்கத்தின் பெருவிரல் இடுக்கிலிருந்து என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை, சுமார் 30.5 மி.மீ. விட்டம். அமெரிக்க அரை டாலரின் விட்டம் 30.6 மி.மீ. 1952ல் ஜே. பி. போபோ எழுதிய 'மாடர்ன் காயின் மேஜிக்' முதல் இன்றுவரை, வித்தைக்காரர்கள் அதிகம் விரும்பும் காசு அந்த அரை டாலர்தான். பார்வையாளருக்குத் தெரியும் அளவு பெரியது, சராசரி உள்ளங்கையில் அடங்கும் அளவு சிறியது. 1971ல் பிரிட்டன் தசம முறைக்கு மாறும்வரை புழங்கிய பழைய பென்னியும் ஏறக்குறைய இதே அளவுதான். என் தாத்தா பெட்டியில் வைத்திருந்த ஜார்ஜ் மன்னர் ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. பழகுவதற்கு அதைவிட நல்ல காசு எனக்குக் கிடைத்ததில்லை.

*

இனி நம் காலம். ஆப்ரகாம் கோவூர் கேரளத்தில் 1898ல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, இலங்கையிலேயே வாழ்ந்து 1978ல் கொழும்பில் இறந்தவர். 1963ல் அவர் ஒரு சவால் விட்டார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அமானுஷ்ய சக்தியை யாராவது காட்டினால் ஒரு லட்சம் ரூபாய். பரிசு கடைசிவரை அவரிடமே இருந்தது.

அவருக்குப் பின் அந்தச் சவாலை எடுத்து நடத்தியவர் கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த். 'இந்தியன் ஸ்கெப்டிக்' இதழை நடத்தியவர், 2009ல் மறைந்தார். ஊர் ஊராகப் போய் விபூதி வரவழைத்துக் காட்டினார், பிறகு எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து சிறு வில்லைகளாக உலர்த்த வேண்டும். வில்லையைப் பெருவிரல் இடுக்கில் வைத்துக்கொண்டு, கையைச் சுழற்றும்போது விரல்நுனிக்குக் கொண்டுவந்து நசுக்க வேண்டும். டவுன்ஸ் வெள்ளிக்காசை வைத்த இடம், பிரேமானந்த் சாம்பல் வில்லையை வைத்த இடம், இரண்டும் ஒன்றே. காற்றிலிருந்து தங்கம் வரவழைப்பவர் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அரசு அனுமதி வாங்க வேண்டாமா என்று 1980களில் வழக்கே தொடுத்தார். வழக்கு தள்ளுபடியானது, ஆனால் கேள்வி நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் திராவிடர் கழகத்தார் நடத்தும் 'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சிகளும் இதே மரபைச் சேர்ந்தவை.

ஸ்காட் 1584ல் தொடங்கிய வேலையைத்தான் இவர்கள் தொடர்ந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. ஸ்காட் தெருவித்தைக்காரனின் பிழைப்பை நினைத்து வருந்தினார். பிரேமானந்துக்கு அந்த வருத்தம் தேவைப்படவில்லை. அவர் எதிர்கொண்டவர்கள் ஏழைகள் அல்லர்.

*

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். மாமா போய் இரண்டு வருடமாகிறது. தேநீர் கொடுத்துவிட்டு, அவருடைய பேத்தியைக் கூப்பிட்டு, 'மாமா காசு வித்தை காட்டுவான், பாரு' என்றார். அவளுக்கு ஏழு வயது. தாத்தாவின் ரூபாயை வரவழைத்துக் காட்டினேன். அவள் வியந்தது காசு தோன்றியதற்கு அல்ல, காசுக்கே. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லண்டன் பேருந்துகள் 2014 முதல் காசே வாங்குவதில்லை. வீட்டில் எல்லாரும் கைபேசியைத்தான் நீட்டுகிறார்கள். அவளுக்குக் காசு என்பது அருங்காட்சியகப் பொருள். இன்னும் சில ஆண்டுகளில், வெறுங்கையில் காசு தோன்றுவதைப் பார்த்து ஆசைப்பட யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

'எப்படிச் செஞ்சீங்க?' என்று கேட்டாள். பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஒளிந்திருக்கும் இடத்தைப் பார்த்ததும் கைதட்டிச் சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த அத்தை சிரிக்கவில்லை. என் கையையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

'அன்னிக்குப் பூஜையில அவர் செஞ்சதும் இதுதானா?'

'ஆமா அத்தை.'

'உனக்கு அப்பவே தெரியுமா?'

'தெரியும்.'

'அப்ப ஏன்டா சொல்லலை?'

உங்கள் நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்றேன். சொல்லும்போதே அது பாதி உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை பேர் கைகூப்பி நிற்கும்போது ஒருவன் மட்டும் வாய் திறக்கும் சங்கடத்துக்கு நான் பயந்தேன் என்பதுதான் மீதிப் பாதி.

அத்தை சற்று நேரம் பேசவில்லை. 'அந்தப் பணத்துக்காகச் சொல்லலைடா. அதுக்கப்புறம் மூணு வாரம் உங்க மாமா மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கலை. விபூதி இருக்கேன்னாரு. எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்' என்றார்.

மாமாவின் நோய்க்கு அந்த மூன்று வாரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அத்தைக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நம் மொழியில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்றை ஒளித்துவைக்க ஒரு வருடம் பழகினேன். மற்றொன்று அன்றைக்கு என் கையில் இருந்தும் நான் வெளியே எடுக்கவில்லை.

பேத்தி என் கையிலிருந்து ரூபாயை வாங்கி, தன் சின்னப் பெருவிரலின் இடுக்கில் செருகிப் பார்த்தாள். நிற்கவில்லை, விழுந்து உருண்டது. மறுபடி எடுத்து வைத்தாள்.